பதில் சொன்ன வில்லை

முத்துப்பேச்சி தன் ஏழாவது மனுவோடு வந்தபோது காலை மணி பத்து இருபது. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி.

திங்கட்கிழமை, மனு நாள். தூத்துக்குடி வெயில்காப்பு மையத்தின் கூடத்தில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், நூற்றைம்பது பேர், ஓடுகிற மின்விசிறி இரண்டு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏசி. அந்தக் குளிரில் பதினெட்டு சர்வர்களும் ஒரு ஜெசிந்தாவும். ஏசி சர்வர்களுக்காகப் போட்டது. ஜெசிந்தா இலவச இணைப்பு.

ஜெசிந்தாவுக்கு முப்பது வயது. மையத்தின் சிஸ்டம் அட்மின். திட்டம் அரசாங்கத்துடையது, நடத்துவது நாடிவலை நிறுவனம், ஜெசிந்தா ஒப்பந்த ஊழியர். திங்கட்கிழமைகளில் மட்டும் கண்ணாடிக்கு வெளியே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து மனு வாங்க வேண்டும்.

"மேடம், ஏழு" என்று காகிதத்தை மேசையில் வைத்தாள் முத்துப்பேச்சி.

"அக்கா, போன வாரமே பதில் குடுத்தாச்சே."

"குடுத்திய. 'வில்லை செயல்பாட்டில் இருந்தது'ன்னு ஒத்தை வரி. அதையே ஆறு வாட்டி குடுத்திய. தேதியை மட்டும் மாத்தி."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

வில்லை என்பது சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். உடம்புச் சூட்டையும் நாடியையும் அளந்துகொண்டே இருக்கும். சூடு எல்லை மீறினால் உப்பளத்தில் நட்டிருக்கும் கம்பங்கள் வழியாக மையத்துக்குக் கூவும். மையம் ஆம்புலன்ஸ் அனுப்பும். பதினோராயிரம் உப்பளத் தொழிலாளர்களின் நெஞ்சில் இருக்கிறது. நல்ல திட்டம். விழாவில் அப்படித்தான் சொன்னார்கள்.

விழாவில் சொல்லாதது ஒன்று உண்டு. முன்பெல்லாம் கோடையில் பதினொரு மணிக்கு உப்பள வேலையை நிறுத்தியாக வேண்டும். வில்லை வந்ததும் சட்டத்தைத் திருத்தினார்கள். வில்லை உள்ளவர்கள் மூன்று மணி வரை வெயிலில் நிற்கலாம். அடுத்த மாதமே உப்பளங்களில் நிழற்கொட்டகைகளைப் பிரித்தார்கள். வில்லை இருக்கும்போது கொட்டகை எதற்கு?

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி பன்னிரண்டே முக்காலுக்கு முத்துப்பேச்சியின் கணவன் லிங்கத்துரை, உப்பு வாரிய பலகையோடு பாத்தியில் குப்புற விழுந்தான். ஆம்புலன்ஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து உப்பு லாரியில் ஏற்றிப் போனார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

மையத்தின் பதிவேடு வேறு கதை சொன்னது. மையம் எல்லா வில்லைகளையும் நிமிடத்துக்கு ஒரு முறை தட்டும். 'இருக்கிறாயா?' என்று கேட்கும். வில்லை, 'இருக்கிறேன்' என்னும். அன்று முழுக்க லிங்கத்துரையின் வில்லை ஒரு தட்டல் விடாமல் இருக்கிறேன் என்றிருக்கிறது. அபாயக் கூவல் எதுவும் அனுப்பவில்லை. ஆகவே அவன் உடம்பு சூடாகவில்லை. ஆகவே வெயில் அவனைக் கொல்லவில்லை. இயற்கை மரணம். கோப்பு முடிந்தது. முத்துப்பேச்சிதான் முடியவில்லை.

"இன்னைக்கு வேற மனு மேடம்" என்றாள். "அவரு கதையை விடுங்க. எம் மவ ஈசுவரி அதே உப்பளத்துலதான் நிக்கா. அவ வில்லை நெசமாவே வேலை செய்யுதான்னு நான் பாக்கணும்."

"ஆப்ல பச்சை டிக் காட்டுதுல்லா?"

"அவருக்குந்தான் காட்டிச்சு."

"சரி, இப்பவே நான் தட்டிப் பாத்துச் சொல்லுதேன்."

"நீங்க தட்ட வேண்டாம். ஆறு வாரமா நீங்கதான் தட்டுதிய, நீங்கதான் சொல்லுதிய. நான் தட்டணும். என் போன்ல, என் வெரலால."

"பொதுமக்களுக்கு அந்த உரிமை கிடையாதுக்கா."

"ஏன்? மிஸ்டு கால் குடுக்கிற மாதிரிதான்னு போன திங்கக்கெழமை நீங்கதான சொன்னிய? எம் மவளுக்கு மிஸ்டு கால் குடுக்க எனக்கு எவன் உத்தரவு தரணும்?"

கூடத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தது. ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு தட்டலுக்கும் வில்லை முழிச்சுக்கிடும். பேட்டரி செலவாகும். வீட்டுல இருக்கவங்க பயத்துல விடாம தட்டிக்கிட்டே இருந்தா ஏழு வருசம் ஓட வேண்டியது ஒரு வருசத்துல நின்னு போகும். அதுக்குத்தான் தடை. இது நெசமான காரணந்தான்."

"அப்ப நாளைக்கு மூணு வாட்டின்னு வைங்க. ரேசன்ல அளந்து குடுக்கலையா?"

ஜெசிந்தா ஒரு வினாடி அவளைப் பார்த்தாள். நான்கு வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் எந்தப் பொறியாளரும் சொல்லாத யோசனை அது.

"அந்தக் கருவி உங்க ஆப்லயே இருக்குக்கா. ஆனா நீங்க ஓட்டினா அனுமதி இல்லைன்னு சொல்லும். என்னைய மாதிரி அட்மினோட அதிகாரம் அதுக்கு வேணும். சர்வர்ல ஒரே ஒரு எழுத்தை மாத்தினா, யாரு ஓட்டினாலும் என் அதிகாரத்துல ஓடும்."

"சர்ட்டிபிகேட் நகல்ல ஆபீசர் பச்சை மையில கையெழுத்துப் போடுவாரே, அது மாதிரியா?"

"வெறும் தாள்ல முன்கூட்டியே பச்சை மை கையெழுத்துப் போட்டு வச்ச மாதிரி. யாரு கையில கெடச்சாலும் செல்லும். அதான் ஆபத்து."

"யாருக்கு?" என்றாள் முத்துப்பேச்சி.

நியாயமான கேள்வி. பொதுமக்கள் தட்டக் கூடாதென்ற சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

ஜெசிந்தா எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கருணையால் அல்ல, எரிச்சலால். ஐந்து நிமிடம் உரிமையைத் திறந்து விட்டால், இந்த அம்மா தானே தட்டி, தானே பார்த்து, ஏழு வாரத் தொல்லை ஒரேயடியாகத் தீரும். ஒரு வில்லைக்கு நாளைக்கு மூன்று தட்டல் என்று வரம்பு போட்டாள். பிறகு அந்த ஒரு எழுத்தை மாற்றினாள். வெளியே வந்தாள்.

"இப்ப தட்டுங்க."

முத்துப்பேச்சி போனை எடுத்தாள். உப்பு அரித்து வெடித்த விரல். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

"அக்கா, அது ஈசுவரி நம்பர் இல்ல. உங்க வீட்டுக்காரரோடது."

"தெரியும்."

"அவரு கணக்கை இன்னுமா மூடலை?"

"மனு நிலுவையில இருக்கதால மூட முடியாதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்திய? மூணாவது மனுவுக்கு."

தட்டினாள். திரையில் எழுத்து ஓடியது.

பதில் வந்தது. 3 மில்லி வினாடி.

பதில் வந்தது. 3 மில்லி வினாடி.

பதில் வந்தது. 3 மில்லி வினாடி.

ஜெசிந்தாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "பாத்தியளா? நான் சொன்னேம்லா? வில்லைக்குத் தனி பேட்டரி. ஆளு போனாலும் அது ஓடும். மண்ணுக்குள்ள இருந்தாலும்…"

"மண்ணுக்குள்ள இல்லை மேடம்."

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவினாள். உள்ளே மருந்துக்கடைக் காகித உறை. அதை மேசைமேல் கவிழ்த்தாள். உலோகத் துண்டுகள் இரண்டு, நசுங்கிய பச்சைத் தகடு ஒன்று, கொஞ்சம் தூள்.

"எரிக்கதுக்கு முந்தி கீறி எடுத்துக் குடுத்தாவ, தீயில வெடிச்சிரும்னு. அன்னைக்கு ராவே அம்மிக்குழவியால நச்சிட்டேன். நாப்பது நாளா இடுப்புல வச்சிருக்கேன்." துண்டு ஒன்றை விரலால் தள்ளினாள். "இதுதான் இப்ப உங்களுக்குப் பதில் சொல்லிச்சு. எங்க, எனக்கும் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

ஜெசிந்தா அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்கு வருடத்தில் லட்சக்கணக்கான தட்டல்கள் தட்டியிருக்கிறாள். எல்லாம் உயிரோடு இருப்பவர்களின் எண்கள். செத்தவனைத் தட்டிப் பார்க்க எந்த அட்மினுக்கும் தோன்றாது. அதற்குப் பெண்டாட்டி வேண்டும்.

"போனைக் குடுங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. "இன்னொரு கருவி இருக்கு. தட்டல் எந்த வழியாப் போவுது, பதில் எங்க இருந்து வருதுன்னு படிப்படியாக் காட்டும்."

ஓட்டினாள். முதல் படி, போன். இரண்டாம் படி, ஊர் டவர். மூன்றாம் படி, வெயில்காப்பு மையம்.

நின்றுவிட்டது.

"ஒம்பது படி இருக்கணும்" என்றாள் ஜெசிந்தா. "இங்க இருந்து உப்பளத்துப் பெரிய டவர், அதுக்கப்புறம் கம்பம் கம்பமா நாலு, கடைசியா வில்லை. ஆனா மூணாவது படியிலயே பதில் வந்துருது."

"மூணாவது எங்க இருக்கு?"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால், மேல் வரிசையில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அழியாத சர்வர். "அதோ. அந்த மிஷின். உள்ள வர்ற போற எல்லாத்துக்கும் அதுதான் வாசல்."

"அப்ப எம் மவ நம்பர்?"

தட்டினார்கள். பதில் வந்தது. 3 மில்லி வினாடி. வழியைக் கேட்டார்கள். மூன்றாவது படி.

முத்துப்பேச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து. "ஆறு மணிக்கே எறங்கிட்டா" என்றாள். "உள்ள போன் கொண்டு போக விட மாட்டான். கங்காணி பெட்டியில வாங்கி வச்சிருவான்."

ஜெசிந்தா உள்ளே ஓடினாள்.

வாசல் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். ஆயிரத்து இருநூறு வரிகள். 'பதில்' என்று தேடினாள். நானூற்றுப் பதினேழாவது வரி. எந்த வில்லையைத் தட்டினாலும், வில்லையைக் கேட்காமலே வாசலே 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒற்றை வரி. பக்கத்தில் எழுதியவர் போட்ட குறிப்பும் இருந்தது. அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

கதவு திறந்தது. தாமோதரன்.

தாமோதரன் நாடிவலையின் மாவட்டத் தலைவர். சென்னைக்காரர். மாடியில் அவருக்குத் தனி அறை, தனி ஏசி. யாராவது அட்மின் உரிமையில் கை வைத்தால் அவர் கைக்கடிகாரம் அதிரும். அதிர்ந்திருக்கிறது.

"ஜெஸ்ஸி, என்னம்மா பண்ற? பப்ளிக்குக்கு தட்டுற உரிமை ஓப்பனாயிருக்குன்னு காட்டுது. பைத்தியமா உனக்கு?"

"சார், வாசல்ல பொய்ப் பதில் வரி ஒண்ணு இருக்கு. பதினோராயிரம் பேருக்கும் இந்த மிஷின்தான் பதில் சொல்லிட்டு இருக்கு."

தாமோதரன் திடுக்கிடவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தினார். வெளியே முத்துப்பேச்சி கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பேசுவது அங்கே கேட்காது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா!"

"கம்பம் எல்லாம் உப்புக் காத்துல துருப்பிடிச்சுப் போச்சு. அறுபதுல இருபத்து மூணு கம்பம் செத்துக் கெடக்கு. மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமா ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டுதான் இருக்கேன். அதுவரைக்கும் ஸ்க்ரீன் சிவப்பாவா இருக்க முடியும்? தொண்ணூத்தொம்பது சதவீதம் பதில் வரணும்னு கவர்மென்ட் கான்ட்ராக்ட்ல இருக்கு. பதில் வருது. கான்ட்ராக்ட்ல பதில்னுதான் போட்டிருக்கு. வில்லையே வந்து சொல்லணும்னு போடல."

"ஆளு செத்திருக்கான் சார்."

"கத்தாத. அந்த வரி பக்கத்துல குறிப்பு இருக்கே, படிச்சியா?"

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"படி. வாய்விட்டுப் படி. நான் வேணா படிக்கட்டுமா?" குனிந்து திரையைப் பார்த்தார். "'தற்காலிகம். அமைச்சர் விழா முடிந்ததும் நீக்கவும். ஜெசிந்தா.' தேதி கூட போட்டிருக்கே. நல்ல பழக்கம்."

நான்கு வருடத்துக்கு முன் நடந்தது. தொடக்க விழாவுக்கு முந்தின நாள். பாதிக் கம்பங்கள் நடவே இல்லை. மறுநாள் அமைச்சர் வந்து பெரிய திரையைப் பார்ப்பார். வழியெல்லாம் குழியை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வாடகைக்குப் பூந்தொட்டி இறங்கிக்கொண்டிருந்தது. 'ஒரு நாளைக்கு மட்டும் எல்லாம் பச்சையா காட்டற மாதிரி ஏதாவது பண்ணும்மா' என்றார் தாமோதரன். வேலையில் சேர்ந்து ஒன்பது நாள் ஆன ஜெசிந்தா பண்ணினாள். ஒற்றை வரி, இரண்டு நிமிட வேலை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். அமைச்சர் பச்சைத் திரைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். பூந்தொட்டிகள் மறுநாள் திரும்பிப் போய்விட்டன. வரி போகவில்லை. நீக்கச் சொல்லி யாரும் நினைவூட்டவில்லை. அவளுக்கும் நினைவில்லை. நினைவில்லையா, நினைக்கவில்லையா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளப் போவது பிறகு. இப்போது நேரமில்லை.

"இதை வெளிய எடுத்தா முதல்ல உள்ள போறது நீ" என்றார் தாமோதரன். குரலில் கோபம் கூட இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த ஒரு எழுத்தைப் பழையபடி மாத்து. அந்தப் பொம்பளைக்கு ஏதாவது சொல்லி அனுப்பு. சாயங்காலம் உக்காந்து பேசலாம்."

"சாயங்காலமா? மணி பதினொண்ணு சார். வெளிய நாப்பத்து நாலு."

"பேனிக் பண்ணாத. பேட்டரி பத்தி யோசிச்சியா? ஊரே தட்டினா…"

"செத்த கம்பத்துக்குப் பின்னால இருக்க பேட்டரியை எவன் தட்டினாலும் என்ன?" என்று கத்தினாள் ஜெசிந்தா. "நாலு வருசமா அதைச் சொல்லித்தான சார் வாயை அடைச்சீங்க! அந்தச் சுற்றறிக்கையும் நாந்தான எழுதினேன்! நம்பித்தான எழுதினேன்!"

நானூற்றுப் பதினேழாவது வரியை அழித்தாள். அழிப்பதற்கு முன் அதைக் குறிப்போடு சேர்த்துத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரை, நான்கு வருடமாகப் பச்சையாகவே இருந்த திரை, ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு கீழ் மூலையிலிருந்து சிவக்க ஆரம்பித்தது. மனுக் கொடுக்க வந்த நூற்றைம்பது பேரும் எழுந்து நின்றார்கள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வில்லைகள் ஊமை.

கண்ணாடிக்கு வெளியே முத்துப்பேச்சி போனைத் தட்டினாள். திரையை உள்பக்கமாகத் திருப்பிக் கண்ணாடியில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

ஈசுவரி. பதில் இல்லை.

ஜெசிந்தா எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி தட்டினாள். 'உங்கள் வீட்டாரின் வில்லையை இனி நீங்களே தட்டிப் பார்க்கலாம். பதில் வராவிட்டால் உடனே போன் செய்து நிழலுக்கு வரச் சொல்லுங்கள்.' அனுப்பினாள். அட்மின் கடவுச்சொல்லை மாற்றினாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"கடவுச்சொல் என்ன? ஜெஸ்ஸி! புதுக் கடவுச்சொல் என்ன?"

அவள் கதவைத் தாண்டியிருந்தாள். தாமோதரன் சென்னைக்குப் போன் போட்டார். சென்னை மீட்டிங்கில் இருந்தது.

*

உப்பளம் ஒன்பது கிலோமீட்டர். ஸ்கூட்டரின் இருக்கை சுட்டது, காற்று அதற்கு மேல் சுட்டது. முத்துப்பேச்சி பின்னால் இருந்து ஜெசிந்தாவின் தோளைப் பிடித்திருந்தாள்.

"உள்ள அந்த ஆளு உங்களை மெரட்டுனான், என்ன?"

"ஆமா."

"நீங்க பயப்படலை. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இத்தனை வாரமா உங்களை மனசுக்குள்ள என்னவெல்லாமோ ஏசியிருக்கேன் மேடம். தப்புதான். எந்தக் கழிசடை அந்தப் பொய் வரியை எழுதினானோ, அவன் கையி அழுகிப் போவட்டும். நீங்க நல்லாருப்பிய."

ஜெசிந்தா ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். கண்ணில் உப்புக் காற்று. அது மட்டுமல்ல.

உப்பள வாசலுக்கு வருவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தகரக் கூரை போட்ட கங்காணி அறை. உள்ளே தக்காளிக் கூடை போல நாலு பிளாஸ்டிக் பெட்டிகள். அவற்றில் இருநூறு போன்கள், ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. முருகன் பாட்டு, மாதா பாட்டு, சினிமாக் குத்துப்பாட்டு, குழந்தைச் சிரிப்பு, வெறும் மணி. கங்காணி செல்லக்கண்ணு ஒவ்வொன்றாக எடுத்து அணைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை அணைத்தால் பத்து அடித்தது.

"என்ன எழவு இது? ஊருல எல்லாவனுக்கும் ஒரே நேரத்துலயா புத்தி பெரண்டு போச்சு?"

"பதினொண்ணு இருவது ஆவுது. எல்லாரையும் ஏத்துங்க அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "வில்லை வேலை செய்யலை."

"நீ யாரு எனக்குச் சொல்ல? ஆர்டர் இருக்கா?"

முத்துப்பேச்சி அவனைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு பெட்டியைத் தூக்கினாள். அடித்துக்கொண்டிருந்த ஐம்பது போன்களோடு வெயிலுக்குக் கொண்டுபோய் வரப்பில் தலைகீழாகக் கொட்டினாள். தட்டையான வெள்ளை வெளியில் அந்தச் சத்தம் தடையில்லாமல் போனது. முதல் பாத்திப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தன் போனைத் தேடி எடுத்தாள். "என்னப்பா? பதில் இல்லையா? என்ன பதில் இல்லை?" என்றாள். கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி உப்பளத்தைப் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏறி வாங்கட்டீ! எல்லாவளும் ஏறி வாங்க! வில்லை செத்துக் கெடக்காம்!" என்று கூவினாள்.

அந்தக் கூவலைப் பாத்திக்குப் பாத்தி வாங்கி வாங்கிக் கூவினார்கள். கம்பம் செய்ய வேண்டிய வேலை.

பலகைகள் விழுந்தன. ஆட்கள் வரப்பேறி வந்துகொண்டே இருந்தார்கள். ஈசுவரி வரவில்லை.

கடைசிப் பாத்தியில் இருந்தாள். இருபத்திரண்டு வயது. நின்றுகொண்டுதான் இருந்தாள், பலகையை ஊன்றிக்கொண்டு. முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அம்மா ஓடி வருவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா" என்றாள். "நீங்க ஏறிக்கிடுங்கப்பா. மிச்சத்தை நான் வாரிருதேன்."

முத்துப்பேச்சி தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய கல் போலிருந்தது. ஈசுவரி மடங்கி அவள்மேல் விழுந்தாள்.

நாலு பெண்கள் தூக்கினார்கள். குடிதண்ணீர் டிரம் முழுவதும் அவள்மேல் கொட்டினார்கள். ஈரச் சாக்கைச் சுற்றி உப்பு லாரியில் ஏற்றினார்கள். இந்த முறை ஒரு மணி நேரம் ஆகவில்லை, எட்டு நிமிடம்தான். தாய் மடியில் தலை, ஜெசிந்தாவின் மடியில் கால். லாரி குலுங்கக் குலுங்க அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே போனாள் ஜெசிந்தா. அந்த நெஞ்சில், காறை எலும்புக்குக் கீழே, வட்டமாய் ஒரு தழும்பு. அதனுள்ளே வில்லை கூவிக்கொண்டே இருந்திருக்கும். கேட்க ஒரு கம்பம்கூட இல்லாமல்.

பிழைத்துக்கொண்டாள். மருத்துவர் சொன்னார்: "இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா நான் வேற ஃபார்ம் எழுதியிருப்பேன்."

*

அதன் பிறகு நடந்தவற்றை நீங்களே ஊகிக்கலாம். பெரிய மனிதர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். நாடிவலை 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அறிக்கை விட்டது. தாமோதரனுக்கு வேறு மாவட்டம். பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தும் பழைய விதி 'தற்காலிகமாக' மீண்டும் வந்தது. புதன்கிழமை சென்னையிலிருந்து வந்த புது அட்மின் உட்கார்ந்த உடனே செய்த முதல் வேலை, அந்த ஒரு எழுத்தைப் பழையபடி மாற்றியதுதான். பொதுமக்கள் தட்டிப் பார்க்கும் உரிமை ரத்து. பாதுகாப்புக் காரணங்களுக்காக.

ஜெசிந்தாவின் ஒப்பந்தம் ரத்து. காரணம், உரிமையை அனுமதியின்றித் திறந்தது. நானூற்றுப் பதினேழாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியைப் பற்றிப் பேச நாடிவலைக்கு விருப்பமில்லை. ஜெசிந்தா வாயைத் திறக்காவிட்டால் அது யாருக்கும் தெரியவே போவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை. மனு நாள். கூடத்தில் நிற்க இடமில்லை. எண்ணூறு பேர் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. எல்லார் கையிலும் ஒரே மனு. 'எங்கள் வில்லையை நாங்களே தட்டிப் பார்க்கும் உரிமை வேண்டும்.'

ஜெசிந்தா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். மேசைக்கு எதிரே வரிசையில் நின்றால் எவ்வளவு வேகுமென்று முதல் முறையாகத் தெரிந்தது.

"மேடம்! நீங்க எதுக்கு வரிசையில?" முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "முன்னால வாங்க. ஏ, வழி விடுங்கட்டீ, நம்ம மேடம்! ஈசுவரி இன்னைக்குக் கஞ்சி குடிச்சா. உங்களைக் கேட்டா."

ஜெசிந்தா தன் மனுவை நீட்டினாள்.

முத்துப்பேச்சி வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். எதிர்மனுதாரர் ஒன்று, நாடிவலை நிறுவனம். இரண்டு, தாமோதரன். மூன்று…

உதடு நின்றது.

கீழே படம் ஒட்டியிருந்தது. வரியும் குறிப்பும் தேதியும். 'தற்காலிகம்.' அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"ஏழு திங்கக்கெழமை" என்றாள் முத்துப்பேச்சி. சத்தமே இல்லாத குரல். "ஏழு திங்கக்கெழமை இதே மேசைக்கு முன்னால நின்னேன். உன்கிட்டதான் கேட்டேன்."

"எனக்கு ஞாபகம் இல்லக்கா. அந்த வரி இருக்கதே…"

"ஸ்கூட்டர்ல வரும்போது ஞாபகம் இருந்திச்சுல்லா? நான் ஏசினேம்லா? அப்பவும் வாயைத் தொறக்கலையே நீ."

ஜெசிந்தா தலையைக் குனிந்தாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்துப்பேச்சி பேனாவை எடுத்தாள். மனுவைக் கண்ணாடித் தடுப்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மனுதாரர் என்ற இடத்தில் இருந்த ஜெசிந்தாவின் பெயரை அடித்தாள். அதற்கு மேலே ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மு, த், து. நேரம் எடுத்துக்கொண்டாள். எதிர்மனுதாரர் மூன்று என்ற இடத்தில் இருந்த அதே பெயரைத் தொடவில்லை.

"செத்தது என் வீட்டுக்காரரு" என்றாள். "மனு என்னோடது. நீ சாட்சி. கூப்பிடும்போது வந்து, எல்லாத்தையும் சொல்லணும். எங்கயும் போயிராத."

"போக மாட்டேன்."

"எனக்குப் பின்னால நில்லு."

ஜெசிந்தா நின்றாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது.